மாஹிம் கழிமுகம்: வரவும் செலவும்

பம்பாய் நகரம் ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தியாகும். அத்தீவுகளையும் வடக்கேயுள்ள சால்செட் தீவையும் பிரித்து நின்ற மாஹிம் கழிமுகத்தின் வரலாறு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. தமிழர் பெருமளவில் வாழும் தாராவி இக்கழிமுகத்தின் தென்கரையில் அமைந்துள்ளது.

விஹார், பவாய் ஏரிகளிலிருந்து வழியும் நீரைக் கொண்டு வரும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவு ஓடி இங்கே அரபிக் கடலுடன் கலக்கிறது. நாள்தோறும் இருமுறை கடலின் ஓதம் கழியினுள் ஏறி இறங்குகிறது. ஓதம் ஏறி நிற்கும் வேளையில் பெருமழை பெய்தால் ஆற்றுநீர் கடலில் வடிய இயலாது. அந்நீரைச் சில மணி நேரம் தாங்கி வைத்திருக்கும் பணியைச் சதுப்பு நிலங்களும் அலையாத்திக் காடுகளும் ஊதியமின்றிச் செய்து வந்தன.

இக்கழியில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் தாராவிக் கோலி மீனவர். 1668இல் பம்பாய் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. கழியைக் காவல் புரிய எழுந்த ரீவா கோட்டையின் சிதைவை இன்றும் தாராவியில் காணலாம். போக்குவரத்தின் பொருட்டு 1803இல் சயன் மேட்டுப்பாதை அமைந்தது. ஜம்செட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் ஆவாபாய் வழங்கிய 1,57,000 ரூபாயைக் கொண்டு 1845இல் மாஹிம் மேட்டுப்பாதை திறக்கப்பட்டது. 1853இல் தாணாவுக்கு இருப்புப்பாதை சென்றது. இவற்றால் வணிகம் பெருகிற்று. அதே வேளையில் ஓதம் உலவிய பரப்பு குறுகிற்று. மீனவரின் தொழிலும் நலிந்தது.

தூர்ந்த சதுப்பின் மீது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உழைப்பாளர் பலர் அங்கே குடியேறினர். நகரம் கொட்டிய குப்பையும் மண்ணுமே அவர்தம் மனைகளுக்கு அடித்தளமாயின. பிற்காலத்தில் வடகரைச் சதுப்பில் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. விமான நிலைய விரிவாக்கத்திற்காக ஆற்றின் போக்கே மாற்றப்பட்டது.

2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று உயர் ஓதமும் சேர்ந்துகொள்ள, மித்தி கரை புரண்டது. நீர் தனது பழைய இடத்தையே நாடிச் சென்றது. ஆனால் அங்கே மக்கள் குடியிருந்தனர். நிலமாக்கத்தின் ஆதாயத்தில் பெரும்பங்கு பெறாதவர்களே அதன் செலவில் பெரும்பங்கை ஏற்க நேர்ந்தது.

அதே ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது. தாராவியை ஒட்டிய குப்பைமேடு ஒன்று மரங்கள் வளர்க்கப்பெற்று, 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இழந்ததில் ஒரு பகுதியையேனும் மீட்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

மீட்ட நிலத்தின் விலை திட்டக் கணக்கில் வரவாக எழுதப்படுகிறது. நீர் இழந்த இடம் செலவாக எழுதப்படுவதில்லை. தாராவி மறுசீரமைப்பு மேற்கொள்ளப்படும் இந்நாளில் இவ்விரண்டும் ஒரே ஏட்டில் இடம்பெறுதல் வேண்டும். வீட்டுக்கு மனை ஒதுக்குவது போன்றே வெள்ளத்திற்கும் இடம் ஒதுக்கும் திட்டமே அங்கு வாழும் எளிய மக்களுக்கு நிலைத்த பாதுகாப்பை அளிக்கும்.