இல்லத்தரசியின் ஊதியமும் இல்லக் கணக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கற்றறிந்தோர் நிறைந்த இவ்வவையில், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நாம் பேச முன்வந்தது துணிவுதான். ஆயினும், குடும்பக் கணக்கைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். இரயில்வே சரக்கு அலுவலகத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பிறர் கணக்கை எழுதிவரும் நாம், எம் வீட்டுக் கணக்கில் செய்த பிழை ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

எம் மனைவியார் பட்டம் பெற்றவர். மணமாகி இந்நாகபுரிக்கு வந்தபின் ஈராண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றினார். மூத்த மகள் பிறந்ததும் விலகினார். பதினோராண்டுகள் கழிந்தன. இளையவனுக்கு இரண்டு வயதான சென்ற ஆண்டு, மழலையர் பள்ளி ஒன்றில் காலை நேரம் மட்டும் கற்பிக்க அழைப்பு வந்தது. ஊதியம் மாதம் 9,000 ரூபாய்.

அன்றிரவே தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மராட்டிய அம்மையாருக்கு 3,000, ஆட்டோவுக்கு 1,500, மாவும் பலகாரமும் கடையில் வாங்க 700, புடவை, செருப்பு முதலியவற்றுக்கு 300. ஆகச் செலவு 5,500, மீதி 3,500. "இந்தத் தொகைக்காகவா பச்சைப் பிள்ளையை விட்டுப் போகவேண்டும்?" என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. தாளை மடித்து அஞ்சறைப் பெட்டியின் அடியில் வைத்தார்.

நான்கு நாள் கழித்து அத்தாளை அவரே எடுத்து வந்தார். "பிள்ளை நம் இருவருக்கும் உரியவன்தானே? அவனைப் பார்த்துக்கொள்ளும் செலவை என் ஊதியத்தில் மட்டும் ஏன் கழித்தீர்கள்? நான் கட்டித் தரும் சோற்றையும் துவைத்துத் தரும் சட்டையையும் உங்கள் ஊதியத்தில் யார் கழித்தார்கள்?" என்று வினவினார்.

அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. கூட்டலில் பிழை இல்லை, தலைப்பில்தான் பிழை! குடும்பத்தின் பொதுச் செலவை ஒருவர் பெயரில் பற்று எழுதிவிட்டோம்.

இப்பிழை எம் வீட்டில் மட்டும் நேர்ந்ததன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, ஊதியமின்றி வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் உழைத்தனர். ஜாம்ஷெட்பூரில் 1989-இல் நேர்ந்த தீவிபத்து பற்றிய வழக்கில், இல்லத்தரசியரின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2001-ஆம் ஆண்டு மதிப்பிட்டது. நீதிமன்றம் அன்றே விலை கண்ட உழைப்பை நாம் நம் வீட்டில் வரவு வைக்க மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எம் தந்தையாரும் இரயில்வே ஊழியரே. 1998-இல் பணியிலிருக்கும்போதே காலமானார். வீட்டிற்கு வருவாய் அவருடையது ஒன்றே. எம் அன்னையார் தையலில் கைதேர்ந்தவர். எனினும் அதனை ஒரு தொழிலாக எவரும் எண்ணியதில்லை. ஆகவே மேற்படிப்பை விடுத்து, கருணை அடிப்படையில் அளித்த எழுத்தர் வேலையை ஏற்றோம். ஒற்றைத் தூணில் நின்ற வீடு அது. தூண் சாய்ந்ததும் பிள்ளையின் படிப்புச் சாய்ந்தது.

எம் மனைவியார் வேலையை ஏற்றார். முதல் மூன்று மாதம் எளிதாயில்லை. பிள்ளை அழுதான்; அடிக்கடி காய்ச்சலும் கண்டது. அந்நாட்களில் விடுப்பு எடுப்பவர் அவர் மட்டுமல்லர், நாமும்தான் என்று உறுதி செய்துகொண்டோம். காலையில் உலை வைப்பதும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுவதும் இன்று எம் கடமை. இவ்வுதவி இல்லையேல், மனைவி பெறுவது வேலையன்று, இரட்டைச் சுமை.

மீதி 3,500 ரூபாய் அவர் பெயரிலேயே அஞ்சலகத் தொடர் வைப்பில் சேர்கிறது. ஐந்தாண்டு முடிவில் அசல் மட்டும் 2,10,000 ரூபாயாகும். பிள்ளை பள்ளிக்குச் சென்றதும் காப்புச் செலவு நின்றுவிடும். ஆசிரியையின் அனுபவமோ வளரும். முதலாண்டு மீதியை மட்டும் பார்ப்பவர் இதனைக் காணார்.

ஒவ்வொரு தாயும் வேலைக்குச் செல்லவேண்டும் என்று நாம் கூறவில்லை. நோயுற்ற முதியோர் உள்ள வீடுகள் உண்டு. பிள்ளையோடு இருப்பதையே விரும்பும் தாய்மாரும் உண்டு. அவர்கள் முடிவும் மதிக்கத்தக்கதே. சொந்த ஊரிலாயின் பாட்டியோ அத்தையோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வர். அயலூரில் வாழும் நமக்கு அவ்வுதவியும் விலை கொடுத்தே கிடைக்கிறது. ஆதலின் கணக்குப் பார்ப்பது தவறன்று. ஆனால் அதனை இருவரும் சேர்ந்து பாருங்கள். செலவை இருவர் பெயரிலும் எழுதுங்கள். முடிவை மட்டும், வேலைக்குச் செல்பவரிடமே விட்டுவிடுங்கள்.