வெண்கலப் பானையில் வந்த செய்தி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

'எங்கள்' என்று பன்மையில் பேசப்போவது பெருமைக்காக அன்று. மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும், சொல்லப்போவது நால்வரின் கதை. அந்நால்வருள் ஒருவர் இன்று நம்மிடையே இல்லை; இருவர் இதே மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். 'இளமை நினைவு ஒன்றைச் சொல்லுங்கள்' என்று செயலாளர் பணித்தபோது, நாங்கள் நால்வரும் சேர்ந்து செய்த ஒரு பெட்டியே மூவர் நினைவுக்கும் ஒருங்கே வந்தது.

ஆண்டு 1965. தில்லியின் வடக்கே, திமார்ப்பூர் அரசாங்கக் குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்து வந்தோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. மூவர் தமிழர், நான்காமவன் பஞ்சாபி. அவன் பெற்றோர் 1947-இல் லாகூரை விட்டு வந்து, அருகில் இருந்த கிங்ஸ்வே அகதி முகாமில் தங்கிப் பின்னர் நிலைபெற்றவர்கள். தந்தையார் மின்விசிறி பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். எங்களோடு விளையாடியே தமிழ் கற்றவன் அவன். எங்கள் வீட்டு இட்டலிக்கு அவனைப்போல் அன்பு செலுத்தியவர் வேறு எவரும் இலர்.

அது பஞ்ச காலம். அரிசிக்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. தெற்கே பிறந்த நம் தாய்மார்கள் கோதுமையோடு போராடக் கற்றுக்கொண்ட ஆண்டுகள் அவை. வானொலிப் பெட்டி என்பது எங்கள் போன்ற குமாஸ்தா குடும்பங்களுக்கு எட்டாக் கனி. விலை கொடுத்து வாங்கினாலும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. எங்கள் வரிசை வீடுகளில் ஒரே ஒரு வீட்டில்தான் வானொலி இருந்தது. அவ்வீட்டார் விடுமுறையில் ஊருக்குச் சென்றுவிட்டால், எங்கள் உலகமே ஊமையாகிவிடும்.

அந்தக் கோடை விடுமுறையில், பழைய புத்தகக் கடையிலிருந்து எங்களுள் மூத்தவன் ஒரு கிழிந்த ஆங்கில விஞ்ஞான இதழைக் கொண்டு வந்தான். இரண்டாம் உலகப் போரில், 1944-இல், இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் பதுங்கு குழிகளில் கிடந்த அமெரிக்கப் போர்வீரர்கள், சவரம் செய்து கழித்த பிளேடைக் கொண்டே வானொலி கேட்டார்களாம். மின்சாரம் வேண்டா; பேட்டரி வேண்டா. ஒலிபரப்பு நிலையம் அருகில் இருந்தால் போதும். எங்களுக்கோ கிங்ஸ்வேயில் நிமிர்ந்து நின்ற வானொலிக் கோபுரங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும்! அன்றே முடிவு செய்தோம்.

இத்துறையில் முதற்புகழ் நம் நாட்டுக்கே உரியது என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். கலீனா என்னும் ஈயத் தாதுக்கல்லைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு, 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜகதீச சந்திர போஸ். அந்தக் கல்லின் வேலையைத்தான் எங்கள் பிளேடும் செய்ய வேண்டியிருந்தது.

பொருள் சேர்த்த விதத்தைக் கேளுங்கள். செப்புக் கம்பி, பஞ்சாபித் தோழனின் தந்தையார் பழைய மின்விசிறி ஒன்றிலிருந்து உரித்தெடுத்துத் தந்தது. பிளேடு, எங்கள் தந்தையர் கழித்தவை. பென்சில் கரி, பள்ளிப் பையிலிருந்து. ஊக்கு, அன்னையின் வளையலில் தொங்கியது. பலகை, சாமான் வந்த மரப்பெட்டியின் மூடி. ஒரு வீட்டிலும் முழுக்கருவிக்கு வேண்டியது இல்லை. நான்கு வீடுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய எல்லாம் இருந்தன.

கம்பியைத் தகரப் பவுடர் டப்பா ஒன்றின்மேல் நூறு சுற்று அழகாகச் சுற்றினோம். இரண்டு நாள் உழைப்பு. காதை வைத்தால் கல்லறை மௌனம்! தகர டப்பாவே சுருளின் ஆற்றலை விழுங்கிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மூத்தவன் அந்த இதழை மீண்டும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தான். கம்பியை அவிழ்த்து ஒரு மூங்கில் குழாயில் மறுபடி சுற்றினோம். பிளேடை அடுப்புத் தணலில் நீலம் பாரிக்கும்வரை காய்ச்சினோம். ஊக்கின் முனையில் பென்சில் கரியைக் கட்டி, அந்த நீலப் பரப்பை மெல்லத் தொடுமாறு அமைத்தோம். மாடியிலிருந்து வேப்பமரம் வரை ஏரியல் கம்பி. மறுமுனை தண்ணீர்க் குழாயில்.

வானில் வரும் அலை ஏரியலில் மெல்லிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. சுருள் நாம் விரும்பும் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பிளேடும் கரியும் தொடும் இடம் அம்மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்ல விடுகிறது. ஹெட்போன் அதைப் பேச்சாக்குகிறது. அந்தப் பெட்டி உண்ணும் ஆற்றல் முழுவதும் வானொலி நிலையம் அனுப்பியதே.

ஆனால் ஹெட்போனுக்கு எங்கே போவது? ஜாமா மசூதிக்கு அருகில் இருந்த கபாடி பஜாரில் பட்டாளத்துப் பழஞ்சாமான்கள் கிடைக்கும். அங்கே ஒன்று இருந்தது. விலையோ எங்கள் நால்வர் கைக்காசுக்கும் அப்பால். அப்போதுதான் எங்கள் கதைக்குள் மாமி வருகிறார்.

மாமி எங்கள் அடுத்த வீடு. கணவரை இழந்தவர், தம்பியின் ஆதரவில் வாழ்ந்தவர். ஒரே மகன் பட்டாளத்தில், பஞ்சாப் எல்லையில். எங்கள் கூடிப்பேச்சைக் கேட்டவர், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குறைந்த பணத்தைக் கொடுத்தார். 'எனக்கும் இதில் பங்கு உண்டு. செய்தி வந்தால் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும்' என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்ச் செய்தி அந்நாளில் தில்லியில்தான் வாசிக்கப்பட்டது. ஆனால் அது சிற்றலையில் ஏறித் தெற்கே சென்றுவிடும். எங்கள் பெட்டிக்கு மத்திய அலையில் வரும் உள்ளூர் நிலையம் மட்டுமே எட்டும். தமிழ் பிறந்த இடத்திலேயே எங்களுக்குத் தமிழ் கேட்கவில்லை! ஆகவே இந்திச் செய்தியைப் பஞ்சாபித் தோழனும், இரவு ஒன்பது மணி ஆங்கிலச் செய்தியை மூத்தவனும் கேட்பார்கள். மற்ற இருவரும் தமிழாக்கி மாமியிடம் வாசிப்போம். பெட்டிக்கு உரிமம் வாங்கினீர்களா என்று மட்டும் எவரும் கேட்க வேண்டா.

காதில் பொருத்தினால் ஒருவருக்கே கேட்கும். மாமிதான் வழி கண்டார். தம் வெண்கலப் பானைக்குள் ஹெட்போனை வைத்தார். பானை முழங்கியது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் ஐந்து தலைகள் குனிந்து நெருங்கினால் ஐவருக்கும் கேட்டது. சோறு குறைந்த காலத்தில் அந்தப் பானை எங்களுக்குச் சொல் வடித்துத் தந்தது.

செப்டம்பரில் போர் மூண்டது. தில்லியில் இருட்டடிப்பு. சன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். தெருவில் ஒளி இல்லை. சங்கு ஊதினால் நெஞ்சு நடுங்கும். வானொலி வைத்திருந்த வீட்டார் அவ்வேளை ஊரில் இல்லை. ஆகவே, விளக்கும் வேண்டாத, மின்சாரமும் வேண்டாத எங்கள் பெட்டியே அந்த வரிசைக்குச் செவியாயிற்று.

அவையோரே, இனிச் சொல்வது எங்கள் பெருமை அன்று, எங்கள் குற்றம்.

ஓர் இரவு பிளேடின் தொடுமுனை நழுவிவிட்டது. பஞ்சாப் முனையைப் பற்றிய செய்தி துண்டு துண்டாகவே காதில் விழுந்தது. இருட்டில் மாமியின் முகம் எங்களையே நோக்கியிருந்தது. எங்களுள் இளையவன், 'பஞ்சாபில் சண்டை ஓய்ந்துவிட்டதாம், மாமி' என்று சொல்லிவிட்டான். மற்ற மூவரும் மறுக்கவில்லை. மறுக்காத மூவரும் பொய்யர்தாம். மாமி அக்கணமே எழுந்து, பங்கீட்டில் வாங்கிப் பண்டிகைக்கென்று சேர்த்து வைத்த சர்க்கரையை எல்லாம் போட்டுப் பாயசம் வைத்தார். மூடிய விளக்கொளியில் நாங்கள் குடித்தோம். அந்தப் பாயசத்தின் சுவை இன்றும் எங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

மறுநாட்காலைச் செய்தித்தாளில் கேம் கரண் பகுதியில் நடந்த கடும் டாங்கிச் சண்டை தலைப்பாக இருந்தது. தம்பி படித்துச் சொல்ல மாமி கேட்டார். மாலையில் எங்களை அழைத்தார். வைவார் என்று நடுங்கி நின்றோம். அவர் வையவில்லை.

"காதிலே விழுந்ததை மட்டும் சொல்லுங்கோடா, குழந்தைகளா. விழாத இடத்தில் விழவில்லை என்று சொல்லிவிடுங்கோ. நல்ல சேதி வேணும் என்று நான் கேட்கலை; நிஜமான சேதி வேணும் என்றுதான் கேட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். கேட்டதை எழுதினோம், கேளாத இடத்தில் வரியை வெறுமையாக விட்டோம். சில இரவுகளில் பக்கத்தில் பாதி வெறுமையாகவே இருக்கும். மாமி அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். வெற்று வரிகளைத் தாங்கும் வலிமை அவருக்கு இருந்தது. பொய் வரியைத் தாங்கத்தான் இல்லை.

செப்டம்பர் 22 இரவு. பானைக்குள்ளிருந்து இந்திச் செய்தி வந்தது. மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிக்குப் போர் நிற்கும்! பஞ்சாபித் தோழன் துள்ளி எழுந்தான். மாமி அமைதியாக, "கேட்டதா?" என்றார். "கேட்டது, மாமி." "இன்னொரு தரம் கேளுங்கோ" என்றார். ஒன்பது மணிவரை காத்திருந்தோம். ஆங்கிலச் செய்தியும் அதையே சொன்னது. அதன் பின்னரே பூசைவிளக்கின் அருகில் சென்று கைகூப்பி நின்றார். சில நாட்களில் மகனின் கையெழுத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் இருந்தவை நான்கே வரிகள். எல்லாம் நிஜமான வரிகள்.

போருக்குப் பின்னர், வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டை வேண்டினார். திங்கட்கிழமை இரவுகளில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. அவ்விரவுகளில் மாமியின் பானை ஓய்வாக இருக்கும். நாங்கள் அதில் பாட்டுக் கேட்டோம். 1966 சனவரி 11 அன்று, தாஷ்கண்டில் சாஸ்திரியார் மறைந்த செய்தியும் அந்தப் பானைக்குள்ளிருந்துதான் எங்களை அடைந்தது. அன்று மாமி "கேட்டதா?" என்று கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்.

இன்று நம் பிள்ளைகள் கையில் உள்ள கருவிக்குத் திருகவோ சுற்றவோ ஒன்றும் இல்லை. உலகத்தையே அது கொண்டுவந்து கொட்டுகிறது. அதைக் கண்டு நாங்கள் பொறாமைப்படவில்லை, மகிழ்கிறோம். பஞ்சம் நல்லது என்று சொல்லும் பேதையரும் அல்லோம். பசித்த தாய்மாரைக் கண்ட கண்கள் அப்படிச் சொல்லா. ஆனால் ஒன்று சொல்வோம். அன்று ஒரு செய்தி எங்களிடம் வருவதற்கு நான்கு வீட்டுப் பொருளும் நான்கு பிள்ளைகளின் உழைப்பும் ஒரு தாயின் முந்தானைக் காசும் வேண்டியிருந்தன. அதனால்தான் அதைப் பிறரிடம் ஒப்படைக்குமுன் எங்கள் கை தயங்கக் கற்றது. இன்று கைப்பேசியில் வருவதை ஒரு விரலால் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்புமுன் மாமியின் ஒரு சொல்லை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: "கேட்டதா?"

அந்த வெண்கலப் பானையை மாமியின் பேத்தி இன்று கொண்டு வந்திருக்கிறார். விழா முடிந்ததும் பின்வரிசையில் இருக்கும் எங்கள் தோழர்கள் அதனருகில் நிற்பார்கள். நோட்டுப் புத்தகமும் அங்கே இருக்கும். சிறுவர்கள் வந்து அதன் வெற்று வரிகளைப் பார்க்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.