தலைவரின் வயதும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



தேர்தல் வந்தாலும், சம்பளப் பேச்சுவார்த்தை வந்தாலும், லயத்து வாசலிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரு பேச்சு அடிபடும். "கிழவனுக்கு மூளை கலங்கிப் போச்சு. அவருக்கு எதுக்குப் பதவி?" தலைவர்களை விமர்சிக்க நமக்கு முழு உரிமை உண்டு. சந்தா கட்டுகிறவர்களும் நாம்தான், வாக்குப் போடுகிறவர்களும் நாம்தான். அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் நம்முடைய சரித்திரத்தைப் பார்ப்போம். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நம்மைப் பங்கு போட்டார்கள். அப்போது சிறிமாவோ அம்மையாருக்கு வயது 48. அறிவும் ஞாபகமும் தெளிவாக இருந்த காலம். தெளிவான புத்தியோடு செய்த காரியம்தான் அண்ணனை இங்கேயும் தம்பியை அங்கேயும் பிரித்தது.

ஜே. ஆர். ஜயவர்தன 71 வயதில் ஜனாதிபதியானார். அவருடைய ஆட்சியில்தான் 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதே ஆட்சியில், அவருக்கு 82 வயதாக இருந்தபோது, 1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் வந்தது. வயதை மட்டும் வைத்து இவற்றை அளக்க முடியுமா? செய்ததை வைத்துத்தான் அளக்க முடியும்.

அப்படியானால் வயதைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். 60 வயதானால் தோட்டத்தில் நம்மை நிற்கச் சொல்கிறார்கள். 80 வயதில் நாட்டை ஆளலாமா என்று ஒரு தொழிலாளி கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒரு தலைவரால் வேலையைச் செய்ய முடியாமல் போனால் வேலை நின்றுவிடாது. பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் செய்வார்கள். கையெழுத்து அவருடையதாக இருக்கும், முடிவு நாம் வாக்குப் போடாத யாரோ ஒருவருடையதாக இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் 2024 ஜூன் 27ஆம் திகதி நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் ஜனாதிபதி பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. சொந்தக் கட்சிக்காரர்களே கேள்வி கேட்டார்கள். ஜூலை 21ஆம் திகதி, 81 வயதில், அவர் போட்டியிலிருந்து விலகினார். எல்லோரும் கண்ணால் கண்டதை வைத்துக் கேட்டது நியாயம். அதே நாட்டில் 1964இல் ஒரு பத்திரிகை, வேட்பாளர் கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி மனநல வைத்தியர்களிடம் கருத்துக் கேட்டு அச்சிட்டது. அவரை நேரில் பரிசோதிக்காமலே பலர் தகுதியற்றவர் என்று எழுதினார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காமல் ஒருவருடைய மனநிலை பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று வைத்தியர் சங்கமே 1973இல் விதி வகுத்தது. படித்த வைத்தியருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், நாம் லயத்து வாசலில் இருந்துகொண்டு வியாதிக்குப் பெயர் வைக்கலாமா?

நம்முடைய நாட்டு அரசியலமைப்பின் 38ஆவது உறுப்புரையும் இதைத்தான் காட்டுகிறது. உடல் அல்லது மன நலிவால் ஜனாதிபதி நிரந்தரமாகக் கடமை செய்ய இயலாதவர் என்றால் அவரை நீக்கலாம். ஆனால் விபரங்களை எழுத்தில் வைக்க வேண்டும். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். அங்கே தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

ஆகவே, எந்தத் தலைவரைப் பற்றியும் இப்படிக் கேளுங்கள். கூட்டத்துக்கு வருகிறாரா? கேட்டதற்கு அவரே பதில் சொல்கிறாரா? போன தேர்தலில் சொன்ன வீடும் காணியும் என்ன ஆயிற்று? அவர் சுகமில்லாமல் இருந்தால் அவருடைய வேலையை இப்போது பார்ப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். "பைத்தியம்" என்று ஏசினால் அவர் பதில் சொல்லத் தேவையில்லை; கோபித்துக்கொண்டு நழுவிவிடலாம்.

அந்த ஏச்சு தலைவரோடு நிற்பதுமில்லை. ஒவ்வொரு லயத்திலும் ஞாபகம் தப்பிய ஒரு தாத்தாவோ அப்பாயியோ இருக்கிறார். மனவருத்தத்துக்கு மருந்து குடிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறது. "பைத்தியம்" என்ற சொல் ஏச்சாகப் புழங்கும் இடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் வருத்தத்தை மறைப்பார்கள். ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போக வெட்கப்படுவார்கள். நட்டம் நமக்குத்தான்.

கடைசியாக ஒன்று. இந்த அளவுகோல் சங்கத்துக்கும் உண்டு. நம்முடைய கமிட்டியில் ஒரு மூத்த தலைவர் தளர்ந்துவிட்டால், முதுகுக்குப் பின்னால் சிரிக்க வேண்டாம். கூட்டத்தில் எழுந்து மரியாதையோடு சொல்லுங்கள். அவருடைய அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொறுப்பை ஓர் இளைஞரிடமோ ஒரு தங்கையிடமோ கொடுங்கள். எங்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.