துளை போட்ட கார்பைடு ராடு: விலைக்கு முன்னாடி பிட்ச் கேளுங்க

புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனீங்கன்னா, திருச்சி பெல்லுக்கு வேலை செய்யும் பட்டறைகளைப் பார்க்கலாம். அந்த மாதிரி பட்டறைக்காரங்களுக்காகத்தான் இன்னைக்குப் பேச்சு.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேலையில் டியூப் ஷீட்னு தடிமனான ஒரு தகடு வரும். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான துளைகள். கடைசித் துளையில் கார்பைடு டிரில் உள்ளே ஒடிஞ்சாலும் சிக்கல்தான். சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. ஸ்பார்க் எரோஷன் வச்சுத்தான் எடுக்கணும்.

ஆழமான துளையில் டிரில் ஒடிய முக்கியக் காரணம் சூடும், உள்ளே சிக்கிக்கிற சீவலும். வெளியே இருந்து ஊத்துற கூலன்ட் முனைக்குச் சரியாப் போய்ச் சேராது. ராடுக்குள்ளேயே துளை இருந்தா, கூலன்ட் முனையில் பீய்ச்சி சீவலை மேலே தள்ளிடும்.

அந்தத் துளையைப் பின்னாடி போட முடியாது. டங்ஸ்டன் கார்பைடு தூளையும் கோபால்ட் தூளையும் பைண்டரோட பிசைஞ்சு, இடியாப்பம் மாதிரி அச்சில் பிழியுறாங்க. துளை அப்பவே விழுந்திடும். பிறகு சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் சின்டர் பண்ணும்போது, ராடு நீளத்திலும் விட்டத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால முறுக்கோட அளவைத் தயாரிக்கிற இடத்திலேயே தீர்மானிச்சாகணும்.

என்கிட்ட வர்றவங்க முதல்ல கேக்குறது விலை. நான் கேக்கச் சொல்றது பிட்ச், அதாவது துளை ஒரு முழுச் சுற்று வர எவ்வளவு நீளம்னு. விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கி, முறுக்குக் கோணத்தோட டேன் மதிப்பால வகுக்கணும். 10 மி.மீ. விட்டம், 30 டிகிரின்னா 54.41 மி.மீ. வரும். அதே ராடை 8 மி.மீ. டிரிலாத் தேய்ச்சா பிட்ச் மாறாது. ஆனா கோணம் சுமார் 25 டிகிரியா இறங்கிடும். அது தெரியாம ஃப்ளூட்டை 30 டிகிரியில் வெட்டினா, கொஞ்ச நீளத்துலேயே ஃப்ளூட் துளைக்குள்ள உடைச்சுக்கிட்டுப் போயிடும். ராடு வீண். இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் பாருங்க. பெரிய ராடோட தூரம் சின்ன டிரிலுக்கு ஒத்துவராது.

இன்னொண்ணு, கிரைண்டிங் பண்றவங்களுக்கு. அந்தத் தூளில் கோபால்ட் இருக்கு, நுரையீரலைக் கெடுக்கும். உலர்வா தேய்க்காதீங்க; கூலன்ட் ஓடட்டும், புகையை உறிஞ்சும் வசதி இருக்கட்டும், மாஸ்க் போடுங்க. ராடு போனா வேற வாங்கிக்கலாம்.

அடுத்த எபிசோடில் கூலன்ட் ஃபில்டர் பத்திப் பேசுவோம்.