‘நாட்வித்ஸ்டாண்டிங்’ வந்தா யார் ஜெயிக்கிறாங்க?

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்தித்தான் பேசப் போறோம். நாட்வித்ஸ்டாண்டிங். பேசும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. “ட்ராஃபிக் நாட்வித்ஸ்டாண்டிங், ஐ வில் கம்”னு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டுப் பாருங்க, வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குன்னு நினைச்சுக்குவாங்க. ஆனா உங்க ஆஃபர் லெட்டர்ல, வாடகை ஒப்பந்தத்துல, இன்சூரன்ஸ் பாலிசியில எங்கயாவது இது உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சொல்லைப் பிரிச்சுப் பார்த்தா பயம் போயிடும். ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் எதிர்த்து நிற்பது. முன்னால ஒரு ‘நாட்’. அதாவது, எதிர்த்து நிற்காமல், குறுக்கே வராமல். லத்தீன்ல ‘நான் ஆப்ஸ்டான்டே’ன்னு ஒரு சட்டத் தொடர் இருந்தது, அதுக்கும் இதே பொருள். அதை அப்படியே ஆங்கிலத்துல வார்த்தெடுத்த சொல்தான் இது. நமக்குத் தெரிஞ்ச ‘ஆப்ஸ்டகிள்’ அந்த லத்தீன் சொல்லுக்கு உறவு. இந்திய நீதிமன்றங்கள்ல இப்பவும் இப்படிப்பட்ட பிரிவுகளை ‘நான் ஆப்ஸ்டான்டே கிளாஸ்’னுதான் சொல்றாங்க.

தமிழ்ல இதுக்கு ஒரு தனிச் சொல்லே தேவைப்படலை. ‘மழை பெய்தும் வந்தான்’, ‘என்ன சொன்னாலும் கேக்க மாட்டா’. ஒரு ‘உம்’ போதும், விட்டுக்கொடுப்பு முழுக்க அதுக்குள்ள அடங்கிடுது. இன்னொண்ணு, ஆங்கிலத்துல இந்தச் சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலயும் வரும், பின்னாலயும் வரும். ‘நாட்வித்ஸ்டாண்டிங் த ரெயின்’னும் சொல்லலாம், ‘த ரெயின் நாட்வித்ஸ்டாண்டிங்’னும் சொல்லலாம். ரெண்டாவது நம்ம காதுக்கு இன்னும் இயல்பா இருக்கும், ஏன்னா நம்ம ‘உம்’மும் பின்னாலதான் ஒட்டுது. கூட ஒரு ‘ஆஃப்’ மட்டும் சேர்த்துடாதீங்க. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ சரி. ‘டெஸ்பைட் ஆஃப்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங் ஆஃப்’ ரெண்டும் தப்பு.

இதுவரைக்கும் இலக்கணம். ஆனா கட்டுரையில வர்ற நாட்வித்ஸ்டாண்டிங்கும் ஒப்பந்தத்துல வர்ற நாட்வித்ஸ்டாண்டிங்கும் செய்யற வேலை ஒண்ணு இல்லை. கட்டுரையில அது ‘இருந்தாலும்’. ஒப்பந்தத்துல அது நடுவர். ரெண்டு வரி மோதினா எது ஜெயிக்கும்னு முன்கூட்டியே சொல்லி வைக்கிற சொல்.

சமீபத்துல ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. வேளச்சேரியில வீடு பார்த்து, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் பேசி முடிச்சு, கையெழுத்துப் போட வேண்டிய நேரம். ஆறாவது ஷரத்துல, காலி செய்யணும்னா ரெண்டு தரப்புமே ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும்னு இருக்கு. நல்ல விஷயம். பத்தொன்பதாவது ஷரத்துல, “நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் கன்டெய்ன்ட் அபவ்”னு ஆரம்பிச்சு, உரிமையாளருக்குச் சொந்தத் தேவை வந்தா பதினைந்து நாள்ல காலி செய்யணும். “மேலதான் ரெண்டு மாசம்னு தெளிவா இருக்கே, அது போதாதா?”ன்னு கேட்டிருந்தாங்க.

போதாது. அந்த முதல் நாலு வார்த்தைக்கு அர்த்தமே, மேல நான் என்ன எழுதியிருந்தாலும் அது இந்த வரிக்குக் குறுக்கே நிற்காது என்பதுதான். ஆறாவது ஷரத்து அழிஞ்சு போகலை, காகிதத்துல அப்படியே இருக்கும். மோதல் வர்ற அன்னைக்கு மட்டும் தோத்துப் போகும். வீட்டை விட்டுப் பதினைந்து நாள்ல சாமான் எடுக்கச் சொல்றதும், அட்வான்ஸ் எப்ப திரும்ப வரும்னு காத்திருக்கிறதும் அந்த ஒரு நாள்லதானே நடக்கும்.

இதுக்கு நேர் எதிரான ஒரு தொடர் இருக்கு. ‘சப்ஜெக்ட் டு’, அதாவது ‘உட்பட்டு’. “சப்ஜெக்ட் டு கிளாஸ் சிக்ஸ்”னு பத்தொன்பதாவது ஷரத்து ஆரம்பிச்சிருந்தா ஆறு ஜெயிக்கும், பத்தொன்பது அதுக்கு அடங்கி நடக்கும். அந்த நேயர் இதைத்தான் கேட்டாங்க. “இது டெம்ப்ளேட்மா, எல்லாருக்கும் இதேதான்”னு முதல்ல பதில் வந்திருக்கு. கடைசியில மாத்திக் கொடுத்துட்டாங்க. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா எந்த நாலு வார்த்தையை மாத்தணும்னு தெரிஞ்சு கேட்கிறவங்ககிட்ட ‘டெம்ப்ளேட்’ங்கிற பதில் ரொம்ப நேரம் நிற்கறதில்லை.

ஒரு எல்லையையும் சொல்லிடறேன். ஒப்பந்தத்துல வர்ற நாட்வித்ஸ்டாண்டிங் அந்த ஒப்பந்தத்துக்குள்ள இருக்கிற வரிகளைத்தான் ஜெயிக்கும். நாட்டுச் சட்டத்தை ஜெயிக்காது. ‘வேற எந்தச் சட்டத்துல என்ன இருந்தாலும்’னு எழுதுற அதிகாரம் சட்டம் இயற்றும் அவைகளுக்குத்தான் உண்டு. கனடாவுல அரசியலமைப்பிலேயே இதுக்கு இடம் கொடுத்திருக்காங்க. 1982 உரிமைச் சாசனத்தோட 33-ஆவது பிரிவை மக்களே ‘நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்’னுதான் கூப்பிடறாங்க. சில அடிப்படை உரிமைகளையே அஞ்சு வருஷத்துக்குத் தள்ளி வெச்சு ஒரு சட்டம் போடலாம். க்யூபெக் 2019-ல ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள் வேலை நேரத்துல மத அடையாளங்கள் அணியக் கூடாதுன்னு சட்டம் போட்டப்ப இதைப் பயன்படுத்துச்சு.

நம்ம ஊர் கதைதான் இன்னும் சுவாரஸ்யம். இந்திய அரசியலமைப்போட 343-ஆவது பிரிவு. முதல் உட்பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்கிறது. ரெண்டாவது உட்பிரிவு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’னு ஆரம்பிக்குது: பதினைந்து வருஷத்துக்கு ஆங்கிலம் தொடரும். மூணாவதும் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’தான்: அதுக்கப்புறமும் ஆங்கிலம் வேணும்னா நாடாளுமன்றம் சட்டம் போடலாம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 26 ஜனவரி 1950. பதினைந்து வருஷம் முடியறது 26 ஜனவரி 1965. அந்தத் தேதி தமிழ்நாட்டுல ஏன் மறக்க முடியாத தேதின்னு உங்க வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேட்டாத் தெரியும்.

அதுக்கு முன்னாடியே 1963-ல ஆட்சிமொழிச் சட்டம் வந்துடுச்சு. பதினைந்து வருஷம் முடிஞ்சாலும், அதாவது நாட்வித்ஸ்டாண்டிங், இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடரலாம். இந்த ‘லாம்’தான் சிக்கல். ஆங்கிலத்துல அது ‘மே’. ‘ஷால்’ இல்லை. ‘மே’ன்னா ‘ஷால்’தான்னு நேரு விளக்கம் சொன்னார். அப்போ மாநிலங்களவையில இருந்த அண்ணாவும் தி.மு.க.வும் அதை ஏத்துக்கலை. தொடரலாம்னா தொடராமலும் போகலாமே! நாட்வித்ஸ்டாண்டிங் தடையை மட்டும்தான் விலக்கும். விலக்கினப்புறம் என்ன நடக்கும்னு சொல்றது அதுக்குப் பின்னால வர்ற வினைச்சொல். 1965-ல மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, உயிர்கள் போச்சு. 1967-ல கொண்டுவந்த திருத்தம் அந்த ஓட்டையை அடைச்சுது. இந்தியை ஆட்சிமொழியா ஏற்காத மாநிலங்களோட சட்டமன்றங்கள் எல்லாமே தீர்மானம் போட்டாத்தான் ஆங்கிலத்தை நிறுத்த முடியும். ஒரு மாநிலம் மறுத்தாலும் நடக்காது.

இன்னொரு ‘மே’ இன்னும் பாக்கி இருக்கு. 348-ஆவது பிரிவு உயர் நீதிமன்றங்கள் ஆங்கிலத்துல நடக்கணும்னு சொல்லிட்டு, அடுத்த உட்பிரிவுலயே ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ போடுது. குடியரசுத் தலைவரோட முன் ஒப்புதலோட, அந்த மாநில மொழியில நடவடிக்கைகள் நடக்க ஆளுநர் அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நாலுக்கும் இந்தியில அனுமதி கிடைச்சுது. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006-ல தீர்மானம் போட்டுச்சு. அனுமதி வரலை.

அடுத்த எபிசோடுல ‘சப்ஜெக்ட் டு’வை எடுத்துக்கலாம்னு இருக்கேன். உங்க கையில இருக்கிற ஒப்பந்தத்துல இந்த ரெண்டுல எது இருந்தாலும் அந்த வரியை மட்டும் அனுப்பி வைங்க. பேரும் முகவரியும் தெரியாத மாதிரி மறைச்சிடுங்க.