சொல்லுக்குச் சான்று கேட்டவர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2009 செப்டம்பர் 27 அன்று மறைந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் வில்லியம் சஃபயரை நினைவுகூர வந்திருக்கிறேன். பிழைக்க வந்த ஊரில் பாடுபடும் நமக்கு அவர் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவர் உழைப்பாளிகளின் பக்கம் நின்றவர் அல்லர். அதிபர் நிக்சனுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர். 1970இல் துணை அதிபர் அக்னியூவுக்கு அவர் எழுதிய உரை, குறை கூறுவோரை 'நேபாப்' என்று ஏசியது. அது வேறொன்றுமில்லை, கப்பலேறிப் போன நம் நாட்டு 'நவாப்'தான்!

1973 முதல் 2005 வரை நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் அரசியல் பத்தி எழுதினார். 1978இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1979 முதல் கடைசிக்காலம் வரை அதே ஏட்டின் ஞாயிறு இதழில் மொழியைப் பற்றியும் எழுதினார். ஒரு சொல் எங்கே பிறந்தது, முதலில் சொன்னவர் யார் என்று துருவுவார். தவறினால் வாசகர்கள் கடிதம் எழுதித் திருத்துவார்கள். அவற்றை அவரே அச்சிடுவார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர்.

ஆனால் சொல்லுக்குக் கேட்ட சான்றைப் போருக்குக் கேட்கவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலை நடத்தியவர்களில் ஒருவன் பிராகாவில் ஈராக் உளவாளியைச் சந்தித்தான் என்று அடித்து எழுதினார். ஈராக் போரை ஆதரித்தார். அந்தச் சந்திப்புக்குச் சான்று இல்லை என்று 2004இல் விசாரணை ஆணையம் கூறியது. எழுத்து வன்மை மட்டும் போதாது, தோழர்களே!

அவர் கேட்ட கேள்வியை நாம் கேட்போம். பறை முழக்கிய மக்களின் பெயர் ஆங்கிலத்தில் 'பரையா' ஆயிற்று. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் கொண்டது. வேண்டாத நாடுகளை இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1969இல் நம் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற பிறகும் நம்மை 'மதராசி' என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் நம் பிள்ளைகளின் நெஞ்சில் எப்படித் தைத்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஊருக்குப் போனால், அங்கே கட்டடம் கட்டும் பீகார்த் தொழிலாளியை நம் உறவினர் 'வடக்கன்' என்கிறார்களே, அப்போது நாம் வாய் திறக்கிறோமா? மதராசி என்ற சொல்லின் வலி தெரிந்த நாம்தான் முதலில் அதைத் தடுக்க வேண்டும்.