கைம்முதலும் கணக்குக் கொப்பியும்

(எமது இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



"இளைஞரும் சொந்தத் தொழிலும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தொழிலைப் பற்றி என்ன தெரியும் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும், வென்றவனுக்கு மட்டுமன்றித் தோற்றவனுக்கும் சொல்லுவதற்குச் சில உண்டு. நாம் ஒருமுறை வியாபாரம் செய்து தோற்றவர்கள். ஆகவே அக்கதையையே முதலிற் சொல்லிவிடுகிறோம்.

நமது சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழாவைச் சற்று நினைத்துப் பாருங்கள். கச்சான் கடை, காப்புக் கடை, விளையாட்டுச் சாமான் கடை என்று வீதி நிறைந்து விடுகின்றது. விற்பவர் யார்? பெரும்பாலும் வெளியூரார். வாங்குபவர் யார்? நாம். தீர்த்தம் முடிந்த மறுநாள் கடைகள் பெயர்கின்றன. நமது காசும் அவற்றோடு ஆற்றைக் கடந்து போய்விடுகின்றது. இதனைக் கண்டு மனம் பொறாத நாம் மூவர், ஒரு விடுமுறையிலே, திருவிழாவில் எருமைத் தயிர் விற்பது என்று முடிவு செய்தோம்.

பட்டிக்கார மாமா ஒருவர் 40 லீற்றர் பால் தந்தார். லீற்றர் 300 ரூபாவாக 12,000 ரூபா கொடுத்தோம். பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டிற்கு ஆறவிட்டு, உறையிட்டு, 40 மண்சட்டிகளில் வார்த்தோம். மண்சட்டி நீரை உறிஞ்சுவதனாலே தயிர் கட்டியாக இறுகிற்று. மூன்று சட்டிகள் வழியில் உடைந்தன. எஞ்சிய 37 சட்டிகளும் 500 ரூபா வீதம் மத்தியானத்துக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. கையில் 18,500 ரூபா! பாற்காசு போக 6,500 ரூபா இலாபம் என்று துள்ளிக் குதித்தோம்.

அருகே இருந்த பெரியம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பிமார், சட்டி சும்மா வந்ததோ? விறகு சும்மா வந்ததோ?" என்று கேட்டார். அப்பொழுதுதான் கொப்பியை எடுத்தோம். சட்டிக்கு 3,600 ரூபா. பாலும் சட்டியும் ஏற்றிய ஓட்டோக் கூலி 2,500 ரூபா. விறகு, உறை, கடதாசி ஆகியவற்றுக்கு 700 ரூபா. ஆக 6,800 ரூபா. இலாபம் எங்கே? 300 ரூபா நட்டம்! மூவர் இரண்டு நாள் பாடுபட்ட கூலிக்கு ஒரு சதமும் இல்லை. மிஷன் பாடசாலையிலே கணக்கியலில் நல்ல புள்ளி பெற்றவர்கள் நாம். பள்ளிக்கூடம் போகாத பெரியம்மாவின் ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றோம்.

அன்பர்களே! இந்த 300 ரூபாவை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறோம்? உலகிலே இளைஞர் தொடங்கும் தொழில்கள், பெரியனவும் சிறியனவும், விழுகின்ற குழி பெரும்பாலும் இதுவே என்பதனாலேதான். வள்ளுவப் பெருந்தகை "தெரிந்துசெயல்வகை" என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்பு நின்று பயன்தருவது எது என மூன்றையும் எண்ணச் சொன்னார். அதே அதிகாரத்தில், நாளை வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலையே தொலைக்கும் செயலில் விவேகிகள் இறங்கமாட்டார் என்றும் கூறிவைத்தார். இன்றைய தொழில் உலகத்துக்கென்றே சொன்னது போல அன்றோ இருக்கின்றது!

இக்காலத்திலே புதுத்தொழில் தொடங்குவோர் நடுவே இரண்டு போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, பிறருடைய பெரும் பணத்தை வாங்கி விரைவாக வளர்தல். மற்றையது, வாடிக்கையாளர் தரும் காசைக் கொண்டே மெல்ல வளர்தல். இரண்டுக்கும் நமது அயல்நாடான இந்தியாவிலேயே உதாரணம் உண்டு.

கேரளத்தைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் என்னும் ஆசிரியர் தொடங்கிய "பைஜூஸ்" என்னும் கல்வி நிறுவனம், முதலீட்டாளரின் பணத்தைப் பெற்றுப் பல நிறுவனங்களை ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வாங்கிற்று. 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி அமெரிக்க டொலர் எனக் கூறப்பட்டது. 2024-இல் அது கடன் தீர்க்க மாட்டாத நிறுவனமாக நீதிமன்றத்தின் முன் நின்றது. நல்ல ஆசிரியர்தான், நல்ல எண்ணந்தான். ஆயினும் வருமானத்துக்கு முன்னே செலவு ஓடிற்று.

மற்றையதைப் பாருங்கள். 1996-இல் சிறீதர் வேம்பு என்னும் தமிழர் தம் உடன்பிறந்தாருடனும் தோழருடனும் தொடங்கிய மென்பொருள் நிறுவனமே இன்று "சோஹோ" என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றது. வெளியாரின் முதலீட்டை நாடாமல், வாங்குவோர் தந்த காசிலேயே அது வளர்ந்தது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் கிராமத்திலே அலுவலகம் அமைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தது. இன்னுமொருவர், கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன். 1983-இல் 15,000 இந்திய ரூபாவை முதலாக வைத்து, தலைமுழுகும் சம்பூவைச் சிறு பக்கற்றுகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். போத்தல் வாங்க இயலாத ஏழையும் ஒருவேளைக்கு வேண்டியதை வாங்கினான். கிராமத்து மக்களின் கையில் என்ன காசு இருக்கின்றது என்று அறிந்து செய்த தொழில் அது. கவின்கேர் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது.

நிற்க. நமது வெருகலுக்கும் கோடிக்கணக்கான டொலருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். டொலர் இல்லாவிடினும் நோய் ஒன்றே. "தொழில் செய்யப் போகிறேன்" என்று ஓர் இளைஞன் சொன்னால், "எங்கே கடன் எடுக்கப் போகிறாய்?" என்பதே நமதூரில் எழும் முதற்கேள்வி. "யார் வாங்குவார்?" என்று கேட்பவர் அரியர். இதன் விளைவை நமது தாய்மாரிடம் கேளுங்கள். கோழி வளர்ப்பு, தையல், சிறுகடை என்று சொல்லி நுண்கடன் பெற்று, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பவருக்கு முகம் கொடுக்க மாட்டாமல் வருந்தியோர் எத்தனை பேர்! 2018-இல் வடக்குக் கிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2022 சித்திரையில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்ததையும் நாம் கண்டோம். எனவே கணக்கில்லாக் கடன் வீட்டையும் கெடுக்கும், நாட்டையும் கெடுக்கும்.

கடனே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பேர் காசு கொடுத்து வாங்குகின்ற ஒரு பொருளை இருபது பேருக்குச் செய்வதற்காகக் கடன் எடுப்பது தக்கது. ஒருவரும் வாங்குவாரோ என்று அறியாத பொருளுக்குக் கடன் எடுப்பதே தகாதது.

இனி, கடனின் மறுபக்கத்தையும் பெரியோர் பொறுத்தருளிக் கேட்க வேண்டும். நமதூரில் ஓர் இளைஞன் கடை வைத்தால், "நம்முடைய பிள்ளைதானே, பிறகு தருவோம்" என்று சாமான் வாங்கிச் செல்லுகிறோம். வெளியூர்க் கடைக்குக் காசைக் கொடுக்கின்றோம். சொந்தப் பிள்ளையின் கடையிலே கொப்பியில் எழுதச் சொல்லுகிறோம். ஆறு மாதத்திலே கொப்பி நிறைகின்றது, தட்டு வெறுமையாகின்றது, பிள்ளை கடையைப் பூட்டிவிட்டு வெளிநாட்டு முகவரைத் தேடிப் போகின்றான். 1844-இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலே 28 தொழிலாளர் கூடி, சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுணைக் கொண்டு ஒரு சிறு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி இவைதாம் சரக்கு. கலப்படம் இல்லை, கடனும் இல்லை, கைக்காசுக்கே விற்பனை. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியாய் அமைந்தது அச்சிறு கடையே. அவர்களும் நம்மைப்போல் ஏழைகளே.

நமக்கு இன்று வாய்ப்பு இல்லையா? நம்மிற் பலர் கைக்குழந்தைகளாக இருந்தபோது 2004-இன் ஆழிப்பேரலை வந்தது. 2006-இல் போர் நம்மை ஊர்பெயரச் செய்தது. வீடும் பட்டியும் இழந்து மீண்டு வந்தவர்கள் நமது பெற்றோர். முன்னாளில் திருகோணமலைக்குப் போவதென்றால் துறைக்குத் துறை பாதையேறிக் காத்துக் கிடந்தனர். 2009-இல் கிண்ணியாவில் பாலம் திறக்கப்பட்டது. நமது வெருகல் ஆற்றின் மேலும் பாலம் நிற்கின்றது. கையிலே கைபேசி இருக்கின்றது. பால்மாப் பக்கற்றுக்காக நாட்டு மக்கள் வரிசையில் நின்ற காலத்தையும் கண்டோம். நமது மேய்ச்சற்றரையிலே பால் இருக்கின்றது, காட்டிலே தேன் இருக்கின்றது, ஆற்றிலும் கடலிலும் மீன் இருக்கின்றது. பாலம் இருவழிப் பாதை அன்றோ? வெளியூர்ச் சரக்கு வருவதற்கு மட்டுமா அதனைக் கட்டினார்கள்?

நாம் மூவரும் அடுத்த விடுமுறையில் மீண்டும் முயன்றோம். இம்முறை பால் வாங்குமுன் கைபேசியில் விசாரித்தோம். நகரிலுள்ள உறவினரும் ஆசிரியரும் 20 சட்டிக்கு முன்கூட்டியே சொன்னார்கள்; காசையும் முன்னே தந்தார்கள். சட்டி 600 ரூபா. வரவு 12,000 ரூபா. பால், சட்டி, விறகு, பஸ் கூலி எல்லாமாக 8,750 ரூபா. மிச்சம் 3,250 ரூபா. கூலி வேலைக்குப் போயிருந்தால் மூவருக்கும் இதனிலும் அதிகம் கிடைத்திருக்கும் என்பதை மறைக்க மாட்டோம். ஆயினும் முதல் கரையவில்லை. எவ்விடத்தில் செலவைக் குறைக்கலாம், எத்தனை சட்டி விற்றால் நம் கூலி கட்டும் என்பது தெரிந்துவிட்டது. பெரியம்மாவிடம் கொப்பியைக் காட்டினோம். "இப்பதான் வியாபாரம்" என்றார். எந்தப் பரீட்சைப் பெறுபேறும் எமக்கு அத்துணை மகிழ்ச்சி தந்ததில்லை.

முடிவாக இரண்டு வேண்டுகோள். தோழர்களே! மாதம் ஒருமுறை நமது மன்றத்திலே கணக்கு வாசிக்கும் கூட்டம் ஒன்றை வைப்போம். தொழில் செய்கின்ற, செய்ய நினைக்கின்ற ஒவ்வொருவரும் தம் கொப்பியைக் கொண்டுவந்து வரவையும் செலவையும் தம் கூலியையும் வாசிக்கட்டும். நட்டத்தை வாசிப்பவனைப் பார்த்து ஒருவரும் சிரியாதிருப்போம்; மறைத்தவனே தோற்றவன். பெரியோர்களே! எங்களுக்குக் கடன் எடுத்துத் தரவேண்டாம். உத்தியோகம் தேடிக் களைக்கவும் வேண்டாம். எங்கள் பொருளை விலைபேசி, குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லி, கைக்காசு கொடுத்து வாங்குங்கள். அதனிலும் பெரிய ஆசீர்வாதம் எங்களுக்கு வேறில்லை.

அடுத்த திருவிழாவில் வீதியிலே நமதூர்ப் பிள்ளைகளின் கடை ஒன்றாவது நிற்குமாயின், இவ்வுரை பயன்பெற்றதாகும்.